போன் வேண்டாம் என்ற பட்டன்

அடையாறில் ஒரு கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கடை என்றுதான் சொல்கிறோமே தவிர, அங்கே விற்பது குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களை மாத வாடகைக்குக் கொடுப்போம். தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கட்டில், வீல்சேர், காற்று மெத்தை, ஆக்சிஜன் மெஷின். போனை எடுப்பது, எந்தச் சாமான் எந்த வீட்டில் இருக்கிறது என்று எழுதி வைப்பது, மாதம் முடிகிற வீட்டுக்குப் போன் செய்து, "இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கறீங்களா?" என்று கேட்பது, இவைதான் எனக்குக் கொடுத்த வேலைகள்.

பிளஸ் டூவில் கணக்கில் தோற்றவள் நான். சாந்தோமில் எங்கள் குடும்பத்தில் அம்மா, சித்தி, பெரிய அக்கா எல்லாருமே டீச்சர்கள். கோயில் வாசலில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "அவ ஒரு கம்பெனில இருக்கா" என்று சொல்லி அம்மா பேச்சை மாற்றிவிடுவார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது என் படிப்பைத்தான்.

கடையில் ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. பில் போட அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டில் திரும்பி வந்துவிட்டது என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், டிரைவர் எழுதிய சீட்டு என் மேசைக்கு வர வேண்டும், நான் அதை லாங் சைஸ் நோட்டில் ஏற்ற வேண்டும், பிறகு கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். சீட்டு வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழேயே நாலு நாள் கிடக்கும்.

ஒரு காலை வழக்கம்போல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண்.

"வணக்கம் மேடம். சார் எப்படி இருக்காங்க? கட்டில் இன்னும் ஒரு மாசம் வேணுமா?"

பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ பேசுவதும் கேட்டன.

"அவர் போய் இன்னிக்குப் பன்னண்டாம் நாள்" என்றார். "கட்டிலை உங்க மனுஷா வந்து எடுத்துண்டு போயாச்சே. நேத்திக்கும் ஃபோன் பண்ணி இதையேதான் கேட்டேள். ஆத்துல எல்லாரும் இருக்கா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

முந்தின நாள் போன் செய்ததும் நான்தான். அன்றைக்கு யாரோ ஒரு பையன் எடுத்து, "அப்புறமா பேசுங்கோ" என்று வைத்துவிட்டான். நான் பட்டியலில் 'நாளை' என்று எழுதி வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

உடனே சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பேசினேன். சாமான் திரும்பிய வீட்டுக்கு மறுபடி போன் போகாமல் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"மேடம், அது சேஞ்ச் ரிக்வெஸ்ட். மெயில் போடுங்க, அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

"அடுத்த வெர்ஷன் எப்ப வரும்?"

"அதை டீம்தான் சொல்லணும்."

டீம் சொல்லட்டும் என்று என்னால் உட்கார முடியவில்லை. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் சொந்தமாக ஆப் செய்யலாம் என்று ஒரு வீடியோ முன்பே கண்ணில் பட்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்தேன். கடையில் இரண்டு பொத்தான் விழுந்துபோன பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடந்தது. மதிய சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தேன். முதலில் ஓர் அட்டவணை. அதற்கு மேல் ஒரு படிவம். படிவத்தில் பட்டன்கள். இந்தப் பட்டனை அழுத்தினால் அந்தக் கட்டத்தில் இது மாறட்டும் என்று திரையிலேயே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் இல்லை. மந்தைவெளியில் ஒரே பெயரில் எங்களுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் வீல்சேரைத் திருப்பிக் கொடுத்ததும், மற்றவர் வீட்டுக் கட்டிலும் திரும்பி வந்துவிட்டதாக என் ஆப் காட்டியது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆளின் பெயரை வைத்துப் பிடித்தால் இப்படித்தான் ஆகும், ஒவ்வொரு சாமானுக்கும் அதற்கே உரிய ஓர் எண் வேண்டும் என்று மூன்றாம் நாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது புரிந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்கும் அப்படிச் சட்டென்று எனக்குப் புரிந்ததில்லை. மறுநாள் வீட்டிலிருந்து சிவப்பு நெயில் பாலீஷ் எடுத்துப் போய், குடோனில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டிலின் காலிலும் எண் எழுதினேன்.

எங்கள் மூத்த டிரைவர் அதைப் பார்த்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், குட்டியானை வண்டியோடு பத்து வருஷமாக எங்களிடம் இருப்பவர்.

"இன்னா யக்கா, கட்லுக்கெல்லாம் பாலீஷ் போட்டுக்கினு கீற? கல்யாணமா?"

"ஆமா, நீதான் ஊர்வலம் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு, அவர் போனில் என் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். என் படிவத்தில் பதினாலு கேள்விகள் இருந்தன. பெருமையாகச் செய்திருந்தேன்.

"யக்கா, மூணாவது மாடிலேர்ந்து கட்ல எறக்கிக்கினு கீறேன். நீ பதினாலு கேள்வி கேட்டா எந்தக் கையால அமுக்கறது? குட்த்தேன், எட்தேன். ரெண்டு போதும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து செய்ததை ஒரே மூச்சில் தள்ளிவிட்டாரே என்று இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் பன்னிரண்டு கேள்விகளை எடுத்தேன். சாமானில் எழுதியிருக்கும் நம்பரைத் தட்டி இரண்டில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும் என்று ஆனதும் நாலு டிரைவர்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சீட்டு எழுதுவது நின்றுபோனது.

மூன்றாவது பட்டனும் அவர் சொன்னதுதான். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"எட்தேன்னு அமுக்கறேன், சரி. ஆனா சில வூட்ல உள்ள பூந்தவொடனே எனக்குத் தெரிஞ்சிடும் யக்கா. போட்டோக்கு மாலை போட்டு வெளக்கு எரிஞ்சிக்கினு இருக்கும். கட்ல மட்டும் எட்துப்பேன், மெத்தை இன்னொரு நாள் வான்னுவாங்க. மெத்தை அங்கியே கீதுன்னு நீ போன் போட்டு, சார் எப்டி கீறாருன்னு கேப்ப."

டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். 'இங்கே போன் வேண்டாம்' என்று ஒரு பட்டன் சேர்த்தேன். அதை டிரைவர் அழுத்தினால் அந்த வீட்டு எண் என் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மீதிச் சாமானை எடுக்க டிரைவர் மட்டும் போவார்.

அடுத்த வாரம் அசோக் நகரில் ஒரு வீட்டுக்குப் போன் செய்ய ரிசீவரைக் கையில் எடுத்திருந்தேன். எண்ணைப் படிக்கத் திரையைப் பார்த்தேன். அந்த வீட்டின் வரி என் கண் எதிரிலேயே போய்விட்டது. டிரைவர் அந்த நிமிஷம் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை மெதுவாக வைத்தேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் கழித்து முதலாளியின் மாப்பிள்ளை மானேஜராக வந்தார். வெளிநாட்டில் படித்தவர். வந்த மாதமே சாஃப்ட்வேர் கம்பெனிக்காரரை வரவழைத்து எங்களை எல்லாம் உட்கார வைத்தார். என் ஆப்பைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள்.

"இதை யார் பண்ணினது?" என்றார் மானேஜர்.

"நான்தான் சார்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ."

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது சாஃப்ட்வேரே இல்ல. யாரோ செஞ்சு வெச்ச பீஸையெல்லாம் ஒட்டியிருக்கீங்க. இதுல நீங்க எழுதின கோட் ஒரு லைன் கூட இல்ல."

"உங்களோடதுல ஆயிரக்கணக்குல லைன் இருக்கும் சார்" என்றேன். "இன்னிக்கு எந்த வீட்டுக்கு போன் பண்ணக் கூடாதுன்னு அதுல ஒரு லைன் காட்டுங்க."

அவர் தன் போனை எடுத்தார். என் ஆப்பின் லிங்கை அதில் திறந்தார். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. பெயர், விலாசம், யாருக்கு என்ன நோய் என்பது வரைக்கும் வரிசையாக வந்து நின்றது. லிங்க் கிடைத்தால் தெருவில் போகிறவர்கூடப் படிக்கலாம்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த ஒரு விஷயத்தை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"பூட்டு போடாதது என் தப்புதான் சார். இன்னிக்கே போட்டுடறேன். காட்டினதுக்கு நன்றி. அதுக்காக வீட்டையே இடிக்கச் சொல்லாதீங்க."

அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு டிரைவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு கொடுத்தேன். நோய் விவரம் இருந்த கட்டத்தையே அழித்தேன். ஆனால் மானேஜர் முடிவு செய்துவிட்டிருந்தார். "திங்கட்கிழமைலேர்ந்து யாரும் இதை யூஸ் பண்ணக் கூடாது. எல்லாரும் பழையபடி சீட்டு எழுதணும்."

திங்கட்கிழமை வந்தது. டிரைவர்கள் பட்டனைத்தான் அழுத்தினார்கள். மூத்த டிரைவரைக் கூப்பிட்டு மானேஜர் கேட்டபோது, "சார், சீட்டு எழ்தறேன், எழ்தலன்னு சொல்லல. அதையும் எழ்தறேன், இதையும் அமுக்கறேன்" என்றார். நானும் நிறுத்தவில்லை. மானேஜர் என் மேசையைத் தாண்டிப் போகும்போது திரையை மூடவும் இல்லை.

சில மாதங்களில் கம்பெனியின் புது வெர்ஷன் வந்தது. திறந்து பார்த்தால் என் ஆப்தான். சாமானுக்கு நம்பர், டிரைவர் போனில் பெரிய பெரிய பட்டன்கள், பட்டியல் வரும் வரிசை எல்லாமே. பார்க்க என்னுடையதைவிட அழகாக இருந்தது. பட்டன் மட்டும் இரண்டே இரண்டு.

"மூணாவது எங்க?" என்று கம்பெனிக்காரரைக் கேட்டேன்.

"அது நெகட்டிவ் ஃபீச்சர்னு மானேஜர் சார் எடுக்கச் சொல்லிட்டார் மேடம். போன் பண்ணினாதானே கஸ்டமர் நம்ம டச்ல இருப்பாங்க?"

திருப்தியாக இருக்கிறது என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதிகம் பயன்படுத்தப் போகிறவள் நான் என்பதால். தாளை வாங்கி, தமிழில் எழுதினேன்: 'ஏற்கவில்லை. இறந்தவர் வீட்டுக்குப் போன் போவதைத் தடுக்கும் வசதி இதில் இல்லை.'

மானேஜர் படித்துவிட்டு வந்தார். "சைன் பண்ணச் சொன்னா கமெண்ட் எழுதிக் கொடுக்கறீங்க?"

"சைனும் பண்ணியிருக்கேன் சார். கீழ பாருங்க."

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். தாள் அவர் மேசையில் இருந்தது. என்னை உட்காரச் சொன்னார்.

"மாப்பிள்ளை ரொம்பக் கோவமா இருக்கார்மா."

"தெரியும் சார்."

"அவர் சொல்றதுலயும் ஒண்ணு இருக்கே. நாளைக்கு நீ போயிட்டா இதை யார் பாத்துப்பா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கையோடு கொண்டு போயிருந்த நோட்டை அவர் முன்னால் வைத்தேன். எந்த அட்டவணை எதற்கு, எந்தப் பட்டன் எதை மாற்றும், கெட்டுப்போனால் எங்கே பார்க்க வேண்டும் என்று படம் போட்டுத் தமிழில் எழுதியிருந்தேன். "இதைப் பாத்து நம்ம டிரைவரே ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணியிருக்கார் சார். நான் லீவுல இருந்தப்ப."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, "சரி, ஓடட்டும். அந்தப் பட்டனும் இருக்கட்டும். மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"சார், என் ஐடி கார்டுல ரிசப்ஷனிஸ்ட்னு போட்டிருக்கு. இந்தக் கடையோட சாஃப்ட்வேரை நான் நடத்தறேன். அதை எழுத்துல கொடுங்க."

"அதுக்கு மாப்பிள்ளை ஒத்துக்கணுமே."

"அவர் ஒத்துக்கற வரைக்கும் நான் சாஃப்ட்வேர் வேலையை மட்டும் பாக்கறேன். ரிசப்ஷன் போனை எடுக்க மாட்டேன்."

எடுக்கவில்லை. ஆக்சிஜன் வீடுகளுக்கென்று தனி எண் ஒன்று உண்டு. அது அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன். மற்ற போன் என் மேசையில் அடித்து அடித்து ஓய்ந்தது. முதல் நாள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கும் ஒவ்வொரு மணிக்கும் கை தன்னால் நீண்டது. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மானேஜரே வந்து எடுத்தார். தி. நகரிலிருந்து ஒருவர், காலையில் வர வேண்டிய வீல்சேர் எங்கே என்று கத்தினார். கத்தல் எனக்கே கேட்டது. மானேஜர் டிரைவர்கள் யாரும் தொடாத புது வெர்ஷனில் தேடினார், பிறகு சீட்டுக் கட்டில் தேடினார். கடைசியில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"எங்க இருக்கு?"

"சைதாப்பேட்டைல ஒரு கட்டிலை எடுத்ததா இப்பதான் பட்டன் விழுந்திருக்கு சார். அடுத்தது தி. நகர்தான். இருபது நிமிஷத்துல போயிடும்."

அதையே போனில் சொன்னார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'சாஃப்ட்வேர் பொறுப்பாளர்' என்று இருந்தது. அதற்கு முன்னால் 'தற்காலிக' என்று ஒரு சொல். அதைப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் அந்தச் சொல் இல்லாமல் மறுபடி வந்தது. வீட்டுக்குக் கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லை" என்றார். டீச்சர் அல்லவா.

கம்பெனியின் சாஃப்ட்வேர் இப்போதும் பில் போடுகிறது. மற்றதெல்லாம் என்னுடையதில் நடக்கிறது. ரிசப்ஷனுக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். மானேஜர் வேலை விஷயம் தவிர என்னோடு பேசுவதில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் புதிதாக ஒன்று சேர்த்தேன். எந்த டிரைவருக்கு எந்த ஞாயிறு லீவு என்பது அதுவரை மானேஜரின் டைரியில் மட்டும்தான் இருந்தது. சிலருக்கு மாதக்கணக்கில் ஒரு ஞாயிறுகூட வரவில்லை. இப்போது போன நாலு மாதமும் வரப்போகும் நாலு மாதமும் ஒரே பக்கத்தில், எல்லா டிரைவர் போனிலும் தெரிகின்றன. திங்கட்கிழமை காலை மானேஜர் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"இந்த லீவு லிஸ்ட்டை யார் கேட்டா?"

"நாலு டிரைவரும் கேட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஏப்ரல் மாதக் கட்டம் கொஞ்சம் கோணலாக இருந்ததைச் சரிசெய்யத் தொடங்கினேன்.