பிரஷர் குறையவே இல்லை

எங்கள் ஊரில் பிரஷர் என்றால் அது ஒரு நோய். "அவருக்கு பிரஷர் இருக்கு" என்றால் பாவம் என்பார்கள். "குறைஞ்சிட்டு" என்றால் ஸ்தோத்திரம் என்பார்கள். உயிரோடு இருக்கிற எல்லோருக்கும் அது இருந்தே தீர வேண்டும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கப்பல் ஏணியில் ஏறும்போது நெஞ்சு வலித்தது. உள்ளூர் டாக்டர் மெட்ராஸுக்கு அனுப்பினார். துணைக்குப் பெரியப்பா போனார். நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். டாக்டர்களிடம் பேச இங்கிலீஷ் வேண்டும் என்பதால் குடும்பத்தின் எல்லா வியாதிகளுக்கும் அவர்தான் துணை. அம்மாவும் நானும் வீட்டில் இருந்து ஜெபம் பண்ணினோம். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்திருந்தேன், மதுரையில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருந்தது. ஜெபத்தில் அதையும் ஓரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

மெட்ராஸ் டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். மெல்லிய குழாயை இதயத்தின் ரத்தக்குழாய்வரை செலுத்திப் படம் பிடித்தார். அதோடு விடாமல், அடைப்புக்கு முன்னாலும் அதைத் தாண்டியும் அழுத்தத்தை அளந்து பார்த்தார். பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அடைப்பு இருக்கிறது, ஆனால் பிரஷர் குறையவே இல்லை. ஆபரேஷன் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்ததைச் சாப்பிடட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் எப்போது இப்படிச் சொல்லி அனுப்புவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெரியப்பா கண் கலங்கி, உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு டாக்டருக்கு நன்றி சொன்னாராம். டாக்டருக்கு அது கொஞ்சம் விசித்திரமாக இருந்திருக்கும்.

"என்ன செஞ்சும் பிரஷர் குறையலையாம். ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லைன்னு கைய விரிச்சிட்டாரு" என்று ஊர் திரும்பிய பெரியப்பா வாசலிலேயே அம்மாவிடம் சொன்னார். பின்னால் பெட்டியோடு நின்ற அப்பா, ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்பா சாக ஆரம்பித்தார். நன்றாகப் பசித்தது. பிடித்ததைக் கொடுக்கச் சொன்னதால் தினமும் சீலா மீன் பொரித்தோம். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தை ஏரலிலிருந்து வாழைத்தாரோடு வந்து அழுதாள். எங்கள் சபைப் பாதிரியாரான ஐயர் வந்து நித்திய வீட்டைப் பற்றிப் பேசினார். அப்பா உருக்கமாகக் கேட்டுவிட்டு, ஐயருக்கும் ஒரு துண்டு மீன் வைக்கச் சொன்னார்.

கடைசி ஆசை ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"ஏளா, ஒன்னய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

"நான் எம்.எஸ்ஸி. சேரணும்பா."

"படிக்க வைக்க நான் இருக்கணும்லா."

மதுரைக்குப் போக எடுத்து வைத்திருந்த சேலைகளை மறுபடி பீரோவில் வைக்கும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள். சாத்தான்குளத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர்; அந்த வகையிலும் யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

மாதங்கள் ஆயின. அப்பா சாகவில்லை. யாரும் வெளியே சொல்லவில்லை என்றாலும் சொந்தக்காரர்களிடையே ஒரு சங்கடம் தெரிந்தது. அத்தை வாழைத்தார் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டாள். கடைசியில் அம்மாதான், "ஒரு தடவ போய்க் கேட்டுட்டு வந்தா என்ன?" என்றாள். அப்பா, பெரியப்பா, நான், என் வீட்டுக்காரர் நால்வரும் மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம்.

"இவர் சாகப்போறார்னு யார் சொன்னது?" என்றார் டாக்டர். பிரஷர் குறையவில்லை என்று அவரே சொன்னதைப் பெரியப்பா எடுத்துச் சொன்னதும், ஒரு தாளில் குழாய் ஒன்றை வரைந்து காட்டினார். "இங்க குறுகலா இருக்கு. இதுக்கு முன்னால இருக்கிற பிரஷர் தாண்டின பிறகும் அப்படியே இருக்கு. குறைஞ்சிருந்தாதான் பயப்படணும்."

"அப்ப அது குறையப்பிடாதா?" என்றார் அப்பா.

"கூடாது."

"படத்துல குறுகலாத் தெரிஞ்சாலும் ரத்தத்தை அது பெரிசாத் தடுக்கல. அப்படித்தானே, டாக்டர்?" என்றேன் நான்.

டாக்டருக்குச் சந்தோஷம். "கரெக்ட். நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ்" என்று அப்பா முந்திக்கொண்டார். உயிர் திரும்பி வந்த குஷி அவருக்கு. "எம்.எஸ்ஸி.க்கே சீட்டு கெடச்சிதுல்லா. அதுக்குள்ள கல்யாணம் முடிச்சிட்டோம்."

"அப்படி என்ன அவசரம்?" என்றார் டாக்டர்.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் பிள்ளை அழுகிறாள் என்று பெரியப்பா டாக்டரிடம் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார்.