பேரை வாவிக் கரையில் ஒரு மதியச் சோறு

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கலியாணமாகிக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் குடியிருந்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுவதும் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், அவருக்குச் சொல்லாமலே யாழ்ப்பாணம் போய்விடுவதென்று பெட்டியோடு புறப்பட்டேன்.

கோட்டை நிலையத்துக்குப் போனபோது ரயில் போய்விட்டிருந்தது. அறைக்குத் திரும்ப மனமில்லை. கால் போன போக்கில் நடந்து, கொம்பனித்தெருவில் பேரை வாவிக் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெண் ஒருத்தி அருகில் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் ரஹீமா என்று பிறகு அறிந்தேன்.

“எங்க போக வந்தீங்க?”

“ஊருக்கு. ரயிலை விட்டிட்டன்.”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். “ஒல்லாந்தர் காலத்தில அடிமைகள இங்கதான் அடைச்சு வெச்சாங்களாம். நீந்தித் தப்பாம இருக்க வாவியில முதலையும் விட்டாங்களாம். எங்கட ஆக்களும் கடல் தாண்டி வந்தவங்கதான். திரும்பிப் போக ஏலாமப் போச்சு. உங்களுக்கு நாளைக்கும் ரயில் இருக்கு. இப்ப சாப்பிட வாங்க.”

நான் தயங்கினேன்.

“புருசன் கப்பல்ல. மாசக்கணக்காத் தனியாத்தான் சாப்பிடுறன்” என்றாள் மெதுவாக.

அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். அவள் வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை.

மாலையில் கொட்டாஞ்சேனைக்கே திரும்பினேன். அதற்குப் பிறகும் கொழும்பில் தனியாகக் கழிந்த பகல்கள் எத்தனையோ. ஆனால் ஒருநாள் நான் அவளிடம் போகாமல் விட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க அந்தக் கரையில் ஒருத்தி இருந்தாள்.