மியூசியத்துக் களம்

எங்கள் ஊரில் மியூசியம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டது களம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எவனும் தரமாட்டான் என்று தெரிந்த பிறகு, கீழத்தெரு ஜனங்கள் நாங்களே ஏரிக்கரைக்குக் கீழே கிடந்த புறம்போக்கில் முள்ளை வெட்டினோம். மேட்டைக் கொத்திப் பள்ளத்தில் போட்டோம். சாணி மெழுகி ஒரு களம் செய்துகொண்டோம். பாகூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கம் அது.

அதற்கு முன்னால் எல்லாரும் பெரிய வீட்டுக் களத்தில்தான் நெல் அடிக்கவேண்டும். அவர்கள் குடும்பம் பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்கிற ஊர் நிர்வாக ஆபீசில் உட்கார்ந்திருந்த குடும்பம். மேரி போய் கொம்யூன் பஞ்சாயத்து வந்த பிறகும் நாற்காலி மட்டும் மாறவில்லை. அவர்கள் நெல் முழுக்க அடித்துத் தூற்றி வண்டி ஏற்றிய பிறகுதான் எங்களுக்கு இடம். அதற்கும் கூலியாக நெல் அளக்கவேண்டும். ஒரு வருஷம் அப்படிக் காத்துக் கிடந்தபோது தை மாசத்தில் மழை பிடித்துக்கொண்டது. கட்டி வைத்த கட்டிலேயே என் நெல் முளைத்துவிட்டது. பச்சைப் பசேலென்று முளை. அதை மாட்டுக்குப் போட்டேன். அந்த வருஷம் கடையில் அரிசி வாங்கித் தின்றோம், சொந்தமாக நிலம் வைத்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் டவுனில் மில் வேலைக்கு சைக்கிளில் போய் வருகிறவர். வாய் செத்த மனுஷன். பயிரும் என் பொறுப்பு, சண்டையும் என் பொறுப்பு.

புதுக் களத்தில் ஒரு போகம்தான் அடித்திருப்போம். ஏரியில் தூர் வாரினார்கள். சேற்றில் தலையில்லாத கருங்கல் சிலை ஒன்று வந்தது. அதற்குப் பக்கத்து மேட்டில் இரண்டு பெரிய தாழி, உள்ளே எலும்புத் துண்டும் சின்னச் சின்னச் சட்டியுமாக. எல்லாவற்றையும் கொம்யூன் ஆபீஸ் தாழ்வாரத்தில் போட்டார்கள். சிலையில் ஆட்டைக் கட்டினார்கள். தாழியில் பசங்கள் கல் போட்டு விளையாடினார்கள். அப்புறம் டவுனிலிருந்து ஒரு ஆபீசர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம். சர்க்காரிடம் பணம் கேட்டு வாங்கிவிட்டார். ஒருநாள் நான் களத்துக்குப் போனால், ஆள் வைத்துச் சங்கிலி பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒல்லியான ஆள். மூக்கில் நிற்காத கண்ணாடி.

"இன்னா சார் இது?" என்றேன்.

"மியூசியம் வருதும்மா."

"எங்க வருது?"

"இங்கதான். புறம்போக்குதானே?"

"புறம்போக்குதான். நாங்க நெல்லு அடிக்கற புறம்போக்கு."

கூடவே பெரிய வீட்டுக்காரரும் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். இந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவரே அவர்தான். "ஊருக்குப் பெருமைம்மா," என்றார். "வெள்ளைக்காரன்லாம் வந்து பாப்பான். களத்துக்கு இன்னா கொறச்சல், நம்ம களம் எப்பவும் போல இருக்குது."

நம்ம களமாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஊர்ப் பெருமை என்று ஒருத்தன் பேச ஆரம்பித்தால் அதில் அவனுக்கு என்ன லாபம் என்று முதலில் பார்க்கவேண்டும். அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

ஆபீசர் பொறுமையாகச் சொன்னார். "கோவப்படாதீங்கம்மா. அது ஆயிரம் வருஷத்துச் சிலை. தாழி அதுக்கும் முந்தி. மழையில கெடந்தா வீணாப்பூடும்."

"என் நெல்லு இந்த வருஷத்துது சார். அதுவும் மழையில கெடந்தா வீணாப்பூடும்."

என் நாத்தனார் பக்கத்தில் நின்றவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் அடக்கமுடியாது. அந்தச் சிரிப்போடவே போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. கீரை ஆய்கிறவள் கீரை ஆய்ந்தாள், பால் கொடுக்கிறவள் பால் கொடுத்தாள். கடப்பாரையோடு வந்த ஆட்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளும் அப்படியே.

அதற்கு அடுத்த நாள் ஆபீசர் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரிய வீட்டுப் பக்கம் போகவில்லை. நேரே எங்களிடம் வந்து, ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு களத்துக்கு எவ்ளோ எடம் வேணும்?"

அதுவரைக்கும் சர்க்கார் ஆள் ஒருத்தனும் எங்களை எதையும் கேட்டதில்லை, வரியைத் தவிர. நான் எழுந்து நடந்து காட்டினேன். இங்கே நெல் தாள் அடிக்க, இங்கே மாடு சுற்ற, இங்கே நெல் காய, இங்கே வைக்கோல் போர். அவர் குச்சியால் தரையில் கீறிக்கொண்டே வந்தார். அப்புறம் குந்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். வந்திருக்கும் பணம் இரண்டு வகை. ஒன்று கட்டிடத்துக்கு, ஒன்று உள்ளே பொருள் வைக்க. ஒன்றை எடுத்து இன்னொன்றில் போடக்கூடாது. களத்துக்கென்று காலணா கிடையாது. ஆனால் கூடத்தைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டினால், மிச்சப் பணத்தில் ஜனங்கள் வந்து நிற்க முன்னால் சிமெண்டு முற்றம் போடலாம்.

"எந்த ஜனம் சார் வந்து நிக்கப்போவுது?" என்றாள் நாத்தனார்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வருவாங்கம்மா," என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

"முத்தம்னே எழுதிக்குங்க சார்," என்றேன். "ஆனா ஒண்ணு. கட்டடத்தக் கெழக்கால கட்டாதீங்க. காத்து அங்கேருந்துதான் வரும். காத்த மறச்சா நாங்க எதுல தூத்தறது? மேற்கால தள்ளிக் கட்டுங்க."

சரியென்று தலையாட்டினார். நாங்கள் எழுந்துகொண்டோம்.

கட்டிடம் வந்தது. முற்றமும் வந்தது. சிமெண்டு காய்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்றியது எங்கள் தெருப் பெண்கள்தான், யாரும் கேட்காமலே. முதல் போகம் அதில் அடித்தபோது எல்லாரும் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தோம். கூட்டி அள்ளினால் கடைசி மணி வரை வருகிறது. மண் இல்லை, கல் இல்லை. கரையாம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை வந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் ஒரு செல கெடைக்கக் கூடாதா," என்று பெருமூச்சு விட்டாள். பெரிய வீட்டுக் களத்தில் அந்தத் தையில் அவர்கள் மட்டும்தான் அடித்தார்கள்.

உள்ளே சிலையையும் தாழியையும் வைத்துப் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. எனக்கு எதற்கு.

இரண்டாவது வருஷத் தைப் போகம் முடிந்த பிறகு ஆபீசர் வந்தார். கூடத்துக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். அந்த மனுஷன் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"யாரு இங்க பெரியவங்க? வாங்க உள்ள!"

நான் போனேன். சிலை மேல் வைக்கோல் தூசு மாவு மாதிரி படிந்திருந்தது. தாழி இரண்டும் கழுத்து வரைக்கும் பதர். அதில் எலி குட்டி போட்டிருந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த சின்னச் சட்டிகளில் ஒன்றை எலி உருட்டிவிட்டிருக்கிறது. சில்லுச் சில்லாகக் கிடந்தது.

எப்படி வந்தது? என்னால்தான் வந்தது. காற்று கிழக்கிலிருந்து வரும் என்று தெரிந்த எனக்கு, தூற்றினால் பதர் மேற்கே போகும் என்று தெரியாதா? தெரியும். கட்டிடத்தை மேற்கே தள்ளச் சொன்னவளும் நான்தான். நெல்லை நினைத்தேனே தவிர பதரை நினைக்கவில்லை. தூற்றிய பதர் எல்லாம் நேரே மியூசியத்து ஜன்னலுக்குள்.

அவர் அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாயிரம் வருஷமா மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. உங்க தெருவுல ரெண்டு தை மாசம் தாங்கல."

அன்றைக்குத்தான் அந்த ஆள் மேல் எனக்கு மதிப்பு வந்தது. பெரிய வீட்டுக்காரர் சிலைக்காகப் பேசியது நடிப்பு. இவர் ஒரு ஓட்டுச் சட்டிக்காகக் கண் கலங்கினார்.

நானும் நாத்தனாரும் பதரை அள்ளிக் கொட்டினோம். துணி நனைத்துச் சிலையைத் துடைத்தோம். தாழியைத் தொடக்கூடாது என்று அவரே துடைத்தார்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. மியூசியத்தைச் சீர்செய்ய அவர் மறுபடியும் பணம் கேட்டார். கிழக்கு ஜன்னலை அடைக்கவேண்டும், மேற்கில் புது ஜன்னல் வைக்கவேண்டும், எல்லாப் பொருளுக்கும் கண்ணாடிப் பெட்டி வேண்டும், விளக்கு வேண்டும். அதெல்லாம் நியாயம். பெரிய வீட்டுக்காரர் கொம்யூன் கூட்டத்தில் எழுந்து, சர்க்கார் சொத்தை நாசம் பண்ணுகிறார்கள், சுற்றி வேலி போட்டு இரும்புக் கேட்டு வைத்துப் பூட்டவேண்டும் என்று தீர்மானம் போட வைத்தார். அங்கே வாட்ச்மேனாக இருந்தவன் அவர் பண்ணையில் வேலை செய்தவன். பூட்டு வந்தால் சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்கும் என்று எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாவி அங்கே போனால் நெல்லும் அங்கே போகும்.

பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். ஆபீசில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். மேஜை முழுக்கக் காகிதம்.

"வேலி வேணாம் சார்."

"வேலி போடாம ஒரு கண்ணாடிப் பொட்டிக்கும் பணம் வராதும்மா. மேல கேக்கறாங்க."

"நாங்க சாக்கு கட்டி மறச்சித் தூத்தறோம். ஜன்னல அடச்சிட்டாத் தூசும் வராது. அப்பறம் இன்னாத்துக்கு வேலி?"

"மேல கேக்கறாங்க," என்றார் மறுபடியும்.

"உங்கள நம்பித்தான் சார் அன்னிக்கி எழுந்தோம். எழுந்திருக்காம இருந்திருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க போங்கம்மா," என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

வேலை ஆரம்பித்தது. ஜன்னலை அடைத்தார்கள். பெட்டிகள் வந்தன. கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். முற்றத்தையும் சேர்த்துச் சுற்றி வளைத்தாகிவிட்டது. முன்பக்கம் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் தூண் கட்டினார்கள். கேட்டு என்றைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. அதற்குள் அறுப்பு வந்துவிட்டது. கேட்டு வருகிற வரைக்கும் அடிப்போம் என்று கட்டுகளைக் கொண்டுபோய் இறக்கினோம்.

நடுவில் ஒரு நாள் ஜீப் வந்தது. ஆபீசரும், அவருக்கு மேலே ஒரு பெரிய ஆபீசரும், பெரிய வீட்டுக்காரரும். வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். நாங்கள் அடித்துக்கொண்டே இருந்தோம். பெரிய ஆபீசர் உள்ளே போய் எல்லாம் பார்த்துவிட்டுத் திருப்தியாக வெளியே வந்தார்.

"கேட்டு எங்க?" என்றார்.

பெரிய வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அதத்தான் சார் நானும் கேக்கறன்."

எங்கள் ஆபீசர் நிதானமாகச் சொன்னார். "வேலி எஸ்டிமேட்ல கேட்டு வராது சார். அது தனி நிதி. அடுத்த வருஷம் கேக்கணும்."

"சரி, கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் பெரிய ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

எங்கள் ஆபீசர் பின்னால் வந்தார். வழி முழுக்க நாங்கள் பரப்பிய தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதிரை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். என் கிட்டே வந்ததும் நின்றார். பார்வை மட்டும் ஜீப் மேல்.

"நான் கேட்டாத்தான்மா வரும்," என்றார் மெதுவாக.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது அவர் ஜீப் கிட்டே போய்விட்டார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. கையிலிருந்த கதிர்க்கட்டை ஓங்கித் தரையில் அடித்தேன்.

அடுத்த வருஷம் அவர் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் கேட்கவில்லை. பெரிய வீட்டுக்காரர் கொம்யூனில் எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று டவுனிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. எண்பதுகளில் ஆபீசரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு தூணையும் பார்த்து, இது இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனார்கூட. தை பிறந்தால் வண்டியை அந்த வழியாக உள்ளே ஓட்டினோம். மேற்குப் பக்கம் சாக்கு கட்டினோம். யார் கட்டு முதலில் வந்ததோ அவர்கள் முதலில் அடித்தார்கள்.