கண்ணுக்கு வைத்த குடம்

படகு செய்கிற ரெசின் பசையை இறுக வைக்கிற ஹார்டனர், பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். எங்கள் பக்கத்தில் அதுதான் வம்பு. குளிக்கவும் கழுவவும் உப்புத் தண்ணீர், குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் என்று பழகிய சனம் நாங்கள். தெளிவாக எதைப் பார்த்தாலும் கை தன்னால் நீளும். அதனால்தான் வேலைக்குச் சேர்ந்த கையோடு அந்த டப்பாவின் கழுத்தில் காய்ந்த மிளகாயைக் கோத்துக் கட்டினேன். டப்பாவில் ஏதேதோ எழுதியிருந்தது, மண்டையோட்டுப் படம்கூட இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. படம் ரெசின் கறை பட்டு மறைந்துவிட்டது. மிளகாயைத் தெரியாதவர் யார்? இதையும் நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரித்தால் எழுத்து கோணாதா என்று கேட்டால் அதற்கும் சிரிக்கிறாள்.

சுனாமிக்குப் பிறகு உப்பளத்தில் வேலை இல்லை. பாத்திகளெல்லாம் சேறும் மணலுமாகக் கிடந்தன. அப்போதுதான் குப்பத்துக்குப் போகிற வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஃபைபர் படகு செய்கிற ஷெட் ஒன்று வந்தது. கடல் கொண்டுபோன படகுகளுக்குப் பதில் புதுப் படகு. பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் போய் நின்றேன். "ஆயா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் மாஸ்டர். பாண்டிச்சேரியில் பல வருஷம் படகு செய்தவர் அவர். "உப்பு வாரின கை சார். இன்னா செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் என் நாத்தனாரும் வந்துவிட்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை. கிளியனூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபிறகு எங்களோடு வந்து இருப்பவள். அவளுக்கு இடது கண்ணில் புரை விழுந்து பால் மாதிரி ஆகிவிட்டது. ஆபரேஷன் என்றால் பயம். மிச்சம் இருந்தது வலது கண் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு கண் இருக்கிறதே, அது பத்துக் கண்ணுக்குச் சமம். அரிசியில் கல், மீனில் செதில், என் சமையலில் குறை, எதுவும் அதற்குத் தப்பாது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் தெருவே அவளிடம்தான் வரும்.

ஷெட் வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ரெசின் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். அதில் முதலில் கோபால்ட் ஊற்றிக் கலக்க வேண்டும், அது கத்தரிப்பூ நிறம். நன்றாகக் கலந்தபிறகுதான் ஹார்டனர், அதுவும் மூடியால் அளந்து. கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் சேர்த்தால் குப்பென்று தீப்பிடிக்கும் என்று மாஸ்டர் சொன்னார். எனக்குச் சட்டென்று புரிந்தது. என் பெரிய மாமியாரும் சின்ன மாமியாரும் அப்படித்தான். நடுவில் ஒரு ஆள் இருந்தால் சோறு இறங்கும். தனியாக விட்டால் வீடு பற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டு டப்பாவையும் ஷெட்டின் இரண்டு மூலையில், நிழலில் வைத்தோம்.

கலக்குகிற மக்கில் மிஞ்சிய ரெசின் தன்னாலேயே சூடாகிப் புகையும். அதை உள்ளே வைக்கக் கூடாது, வெளியே வெறும் மணலில் தள்ளி வைக்க வேண்டும். பீடி பிடிக்கிற ஆண்களைத் தோப்புக்கு அந்தப் பக்கம் விரட்டுவது என் பொறுப்பு. வாடையில் தலை சுற்றினால் சமாளிக்காமல் கடல் காற்றுக்குப் போய் உட்கார வேண்டும். கையில் ரெசின் பட்டால் துணியால் துடைத்துவிட்டு சோப்புப் போட வேண்டும். பிரஷ் கழுவுகிற அசிட்டோனில் கை கழுவக் கூடாது. கண்ணாடி நூலைப் பாய் மாதிரி செய்த மேட்டை வெட்டும்போது உடம்பெல்லாம் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்றார். உப்பளத்தில் நாங்கள் புடவைமேல் ஆம்பளைச் சட்டை போட்டுத்தானே வெயிலில் நின்றோம்! அதுமட்டும் எங்களுக்குப் பாடமே இல்லை.

எல்லாவற்றையும்விட மாஸ்டர் அழுத்திச் சொன்னது கண்ணைப் பற்றி. "ஹார்டனர் கண்ல பட்டா உடனே தண்ணி ஊத்தணும். கண்ணத் தொறந்து வச்சு ஊத்தணும். கொஞ்சம் ஊத்திட்டு நிறுத்தக் கூடாது. எரிச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. அதுக்கப்புறம் நேரா ஆஸ்பத்திரி. தண்ணியத் தவிர வேற ஒண்ணும் கண்ல விடக் கூடாது."

உப்பளத்தில் எங்கள் வழக்கம் இதற்கு நேர் எதிர். பாத்தித் தண்ணீர் கண்ணில் தெறித்தால் இறுக்க மூடிக்கொண்டு நிற்போம். கண்ணீர் வந்து தானே கழுவிவிடும். நல்ல தண்ணீரைக் கண்ணுக்கு ஊற்றுவதாவது! தொண்டைக்கே அது டேங்கர் வந்தால்தான்.

அதனால் நான் ஒரு குடம் தனியாக வைத்தேன். தினமும் காலையில் புது நல்ல தண்ணீர், வாய்க்கு வெள்ளைத் துணி, மேலே ஒரு சொம்பு. யாரும் குடிக்கக் கூடாது. சாயங்காலம் மேட் வெட்டின கைகளை அதில் கழுவிவிட்டு, மறுநாள் திரும்பப் புதுசு. நாத்தனாருக்கு வயிறு எரிந்தது.

"ஏன் அண்ணி, யார் கண்ணுக்கு இந்தப் படையலு? ஊரே ஒரு குடத்துக்கு அடிச்சிக்கினு நிக்குது. நீ தெனம் ஒரு குடத்த காத்து குடிக்க வச்சிருக்க."

"உன் கண்ணுக்குத்தான் வச்சிருக்கேன்."

"என் கண்ணுல இன்னா பூந்துடும்? இருக்கறதே ஒண்ணு. குறி பாத்துத்தான் வந்து விழணும்."

அவள் சொன்ன மாதிரியே அது குறி பார்த்துத்தான் வந்து விழுந்தது.

அன்றைக்கு மாஸ்டர் மேட் வாங்கப் பாண்டிச்சேரி போயிருந்தார். காற்றில் தார்ப்பாய் விலகி, ஹார்டனர் டப்பா வெயிலில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. சூட்டில் அது உள்ளுக்குள் உப்பியிருந்திருக்கிறது. நாத்தனார் அளந்து ஊற்றப் போனாள். மருந்து தெறிக்காமல் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியை நெற்றிமேல் தூக்கி வைத்திருந்தாள். அதைப் போட்டால் வேர்த்து மங்கிவிடுகிறது, இருக்கிற ஒரு கண்ணும் தெரியவில்லை என்பது அவள் நியாயம். மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது.

"ஐயோ அண்ணி!" என்று ஒரு சத்தம். நான் திரும்பினால், உப்பளத்தில் நிற்பது போலவே நிற்கிறாள். கண்ணை இறுக்க மூடி, முந்தானையைச் சுருட்டி அமுக்கிக்கொண்டு.

அப்போது நான் செய்தது இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். கையுறையைக் கழற்றி எறிந்தேன். முதல் சொம்புத் தண்ணீர் என் விரலுக்கு. பிறகு அவளை மணலில் உட்காரவைத்து, முந்தானையைப் பிடுங்கி, தலையை வலது பக்கம் சாய்த்து, இமைகளை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்தேன். மீன் செவுளைத் திறந்து பார்ப்போமே, அப்படி. மெதுவாக, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஓடுகிற மாதிரி ஊற்ற ஆரம்பித்தேன்.

"உடு அண்ணி! எரியுது! மூடிக்கறேன் உடு!"

"மூடினா கண்ணு போயிடும். தொற."

ஊற்றினேன், ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவள் திமிறுவதை நிறுத்தினாள். பிறகு கத்தினாளே ஒரு கத்து, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"போதும் அண்ணி! நல்ல தண்ணி! எல்லாம் மணல்ல போவுது! மிச்சம் வையி!"

கண் போகப் போகிறது, இவள் தண்ணீருக்கு அழுகிறாள். கையை நீட்டி ஓடுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடிக்கப் பார்க்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. குடம் பாதிக்குக் கீழே போய்விட்டது.

"குடிக்கிற குடத்தையும் கொண்டாங்க. டீக்கடையில இருக்கறதையும் எடுத்தாங்க" என்று கத்தினேன். டீக்கடைக்காரி தவலையோடு ஓடி வந்தாள். கூடவே ஒரு யோசனையும் கொண்டு வந்தாள்.

"ஆயா, எம் மருமக பால் குடுக்கறவதான். ரெண்டு சொட்டு தாய்ப்பால் உட்டா குளுந்து போயிடும். கூப்புடட்டா?"

என் மூன்று பிள்ளைகளுக்கும் கண்ணில் தூசு விழுந்தபோது நானே விட்டிருக்கிறேன். ஆனாலும் மாஸ்டர் சொன்னது காதிலேயே இருந்தது. "வாணாம்மா. பாலு கொழந்தைக்கு இருக்கட்டும். தவலைய எறக்கு."

அதற்குள் ஒருத்தர் பாண்டிச்சேரி போகிற மீன் வண்டியை மறித்திருந்தார். தவலையையும் ஏற்றினோம். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவள் தலையை என் மடியில் போட்டு, வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனேன். "ஆயா, என் வண்டி நனையுது" என்றார் டிரைவர். "உப்புத் தண்ணி இல்லப்பா, நல்ல தண்ணிதான். துரு புடிக்காது, ஓட்டு" என்றேன். மடியிலிருந்து குரல் வந்தது: "அதத்தான் நானும் சொல்றேன். நல்ல தண்ணி, நல்ல தண்ணி."

கிளம்பும்போதே பழைய காலி ஹார்டனர் டப்பா ஒன்றையும் எடுத்துக்கொண்டிருந்தேன். எது பட்டது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கண் டாக்டர் டப்பாவை வாங்கிக் கறையைச் சுரண்டிப் படித்தார், நர்ஸிடம் ஏதோ சொன்னார். அவர்களும் குழாய் வைத்துத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார்கள். பிறகுதான் டப்பாவின் கழுத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா, மிளகாய்?"

"தொடாதன்னு அர்த்தம் சார்."

சிரித்துவிட்டார். "எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?" என்றார்.

"கொடம் காலி, தவலையும் காலி சார்."

"நல்ல காரியம். ஆனா கண்ணோட மேல்தோல் வெந்திருக்குது. பார்வை எப்படி வரும்னு கட்டு பிரிச்சாத்தான் சொல்ல முடியும்."

மருந்து போட்டுக் கட்டினார்கள். நல்ல கண்ணில் கட்டு, மற்றதில் புரை. என் நாத்தனார் முழுக் குருடாக வீடு வந்து சேர்ந்தாள். மருந்து விட, சோறு பிசைந்து கொடுக்க, வெளியே கூட்டிப்போக எல்லாவற்றுக்கும் நான்தான். அந்த நாட்களில் அவள் குறை சொல்லவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டாள். ஒருநாள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, இதுவும் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"நல்லா கழுவியிருக்கேன். வரும்" என்றேன். அப்படித்தான் நம்பினேன். ராத்திரி மட்டும் கொஞ்சம் நம்பாமல் படுத்திருந்தேன்.

கட்டுப் பிரிக்கிற அன்று விடியற்காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்தோம். டாக்டர் மெதுவாகப் பஞ்சை எடுத்தார். கண் சிவந்து, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சிமிட்டினாள். டாக்டர் விரலை நீட்டி, "இது எத்தனைம்மா?" என்றார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள், மேலும் கீழும்.

"ஏன் அண்ணி, நாலு பேரு வர்ற எடத்துக்கு ஜாக்கெட்ட உள்வெளியா போட்டுக்கினு வந்திருக்கியே. தையலெல்லாம் வெளிய தெரியுது. அசிங்கமா இல்ல?"

குனிந்து பார்த்தேன். ஆமாம். இருட்டில் அவசரமாகப் போட்டது. டாக்டர் விரலை மடக்கிக்கொண்டார். "பார்வைக்கு டெஸ்ட் வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தத் தையல் வெளியே தெரியவே பஸ்ஸில் திரும்பி வந்தேன், மாற்றிப்போட மனசே வரவில்லை.

தெருவில் அவள் இன்றைக்கும் சொல்கிற கதை வேறு. ஒரு குடமும் ஒரு தவலையும் நல்ல தண்ணீரை மணலில் கொட்டினவள் எங்க அண்ணி என்றுதான் ஆரம்பிப்பாள்.

திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள், கண்ணாடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, குடத்தை அவளே இடுப்பில் சுமந்து வந்தாள். துணியையும் அவளே கட்டினாள். மத்தியானம் மாஸ்டர் வெயிலில் அலைந்துவிட்டு வந்தவர், மறதியாகச் சொம்பை எடுத்து அந்தக் குடத்தில் விட்டார்.

"யோவ் மாஸ்டரு! சொம்ப கீழ வையி. குடிக்கற கொடம் அந்தப் பக்கம் இருக்குது."

ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கத்தினாள்.