கோர்ட்டு வராந்தாவில் பத்து நிமிடம்

பதினைந்து நாளுக்கு ஒரு முறை எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். ஜெயில் வேன் கோர்ட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரை இறக்கி வராந்தாவில் உட்காரவைத்து, உள்ளே பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை உள்ள நேரம் அது. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் நடந்தது. அவர் வேலை பார்த்த துணி குடோனில் சரக்கு காணாமல் போயிற்று. சாவி அவரிடம் இருந்தது. அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். ஜெயிலுக்கே போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் அங்கே கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், ஒரே சந்தைக் கூச்சல். பக்கத்தில் நின்று மெல்லப் பேச முடிந்தது வராந்தாவில் மட்டும்தான்.

அந்தப் பத்து நிமிடத்தையும் வக்கீல்கள் தின்றார்கள்.

வசதியில்லாதவர்களுக்கு சர்க்கார் இலவசமாக வக்கீல் கொடுக்கும். எங்களுக்கும் கொடுத்தது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேறு வேறு ஆளாக. "என்னம்மா கேஸு? மொதல்லருந்து சொல்லு" என்பார் வந்தவர். தமிழ் தெரியாதவருக்குக் கன்னடத்தில் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். வக்கீல் ஜட்ஜிடம் படித்துப் பார்க்க டைம் கேட்பார். ஜாமீன் மறுபடி தள்ளிப்போகும். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேன் ஏறுவார்.

அல்சூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டே வருவேன். ஒன்றையாவது சொல்லியிருப்பேனா? ஏழாவது வக்கீலிடம், "சார், கேசட்டுல பதிஞ்சு குடுத்துடறேன், உங்க ஆளுங்க எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டுக்குங்க" என்றே சொல்லிவிட்டேன். "எனக்கே இன்னிக்குக் காலையிலதாம்மா குடுத்தாங்க" என்றார் அவர். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்.

பிறகு முறையை மாற்றினார்கள். ஒரு கேஸுக்குக் கடைசிவரை ஒரே வக்கீல். வாய்தாவுக்கு முன்னாலேயே ஜெயிலுக்குப் போய் ஆளைப் பார்த்து விவரம் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு அது எங்கே தெரியும்? அடுத்த வாய்தாவுக்கு வந்த வக்கீலம்மாவைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"வேணாம்மா. நேத்தே உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் கேட்டுட்டேன். நீங்க போய் அவரோட பேசுங்க."

போய் எதிரே நின்றேன். முழுசாகப் பத்து நிமிடம். சேர்த்துவைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ, வாயைத் திறந்தால் "அன்னிக்கு மத்தியானம் குடோன் சாவி..." என்றுதான் வந்தது.

அவர் சிரித்துவிட்டார். "அது எனக்கே மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் இங்க உக்காந்து நீ சொல்றதத்தான கேட்டுக்கினு இருந்தேன். வேற எதனா சொல்லு."

"குழாயில தண்ணி வரல" என்றேன்.

"அப்புறம்?"

"சின்னவளுக்குப் பல்லு விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

போலீஸ்காரர் கன்னடத்தில் "சாகு, நடி", போதும் நட, என்று எழுப்பும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. கேஸும் பிறகு தள்ளுபடியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "அப்புறம்?" என்பார். "வந்ததும் வராததுமா என்ன அப்புறம்?" என்று எரிந்து விழுவேன். எத்தனை நாள் அப்படி விழுந்திருக்கிறேன்.

அவர் இறந்து நாலு வருடமாகிறது. நேற்று குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தண்ணி வரல" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.