லாபிஸில் நல்ல காற்று

பத்து பாகாட் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைக்குழந்தைகளுக்கான உடைகளைத் தைக்கிறோம். வரவேற்பறைச் சுவரில், பல் முளைக்காத குழந்தை ஒன்று ஆளுயரப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டித்தான் மேனேஜர் அறைக்குப் போக வேண்டும். நான் மாசமாக இருக்கிறேன் என்று சொல்லப் போன அன்றைக்கும் அதைத் தாண்டித்தான் போனேன்.

தைத்து வரும் உடைகளைச் சரிபார்த்து அனுப்பும் பிரிவுக்கு அப்போது நான் சூப்பர்வைசர். மேனேஜர் தமிழர். வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதியோடு வருவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். செய்தியைக் கேட்டதும் எழுந்து நின்று வாழ்த்தினார். வாந்தி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, மாங்காய் சாப்பிடத் தோன்றுகிறதா என்று என் மாமியார்கூடக் கேட்காததையெல்லாம் கேட்டார். இப்படி ஒரு மேனேஜர் யாருக்குக் கிடைப்பார் என்று பூரித்துப்போய் வெளியே வந்தேன்.

அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டார். என்னை லாபிஸில் இருக்கும் கம்பெனி ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா. இங்க ஒரே சத்தம், தூசி. லாபிஸ்ல நல்ல காத்து. சுத்தி மரம், அமைதி. புள்ளைக்கு ரொம்ப நல்லது."

என் வீடு இங்கே, நான் பரிசோதனைக்குப் போகும் கிளினிக் இங்கே, லாபிஸுக்குக் காரில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமே என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அன்பாகத் தலையாட்டினார். சம்பளம் அப்படியே இருக்கும் என்றார். சூப்பர்வைசர் அலவன்ஸ் மட்டும் இருக்காது, ஏனென்றால் அங்கே சூப்பர்வைஸ் செய்ய ஆளே கிடையாது என்பதையும் அதே அன்போடு சொன்னார்.

வீட்டில் என் கணவர் நேராகப் போய் அவரிடம் நியாயம் கேட்கப் போவதாகக் கிளம்பினார். கார் சாவியை நான் எடுத்து ஒளித்துவைத்தேன். மாமியார் வேலையை விட்டுவிடச் சொன்னார். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பிடிவாதம் வந்துவிட்டது. லாபிஸுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வழியில் யோங் பெங் ஊரைத் தாண்டினால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்தான். முந்தவும் முடியாது, அந்த வாடையைப் பொறுக்கவும் முடியாது. அந்தச் சாலையில் நான் இறங்கி வாந்தி எடுக்காத பஸ் நிறுத்தங்கள் குறைவு. ஒரு நிறுத்தத்தின் பக்கத்தில் பலகாரம் விற்ற வயதான மலாய்க்கார அம்மா, எல்லாருக்கும் மக்சிக், என் கார் நின்றதும் ஒரு குவளை வெந்நீரோடு வருவார். ஒரு நாள் நான் வாந்தி வராமல் தாண்டிப் போய்விட்டேன். மறுநாள் கோபித்துக்கொண்டார்.

ஸ்டோரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். வயதான சீனர், ஸ்டோர் கீப்பர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். முதல் நாள் என்னைத் துணிச்சுருள் ஒன்றின் மேல் உட்காரவைத்துவிட்டு, ரகசியம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க அனுப்பினாங்களே, நீ என்ன தங்கச்சி செஞ்ச?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். எனக்கு முன்னால் வந்தவன் பொத்தான் பெட்டிகளைத் திருடி விற்றவனாம். அதற்கு முன்னால் வந்தவன் ஃபோர்மேனைக் கத்தரிக்கோலோடு துரத்தியவனாம். தப்புச் செய்யாத யாரையும் லாபிஸுக்கு அனுப்பி அவர் பார்த்ததில்லை.

"மாசமா இருக்கேன் அங்கிள்," என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "அதுக்கா? என் பொண்டாட்டி ஆறு தடவ இருந்தாளேலா."

லாபிஸில் நல்ல காற்று இருந்தது உண்மைதான். அது ஸ்டோருக்கு வெளியே இருந்தது. உள்ளே தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் ஆகிவிட்டால் துணிச்சுருள்கள்கூட வியர்ப்பதுபோல் இருக்கும். வாரத்துக்கு ஓரிரு லாரிகள் வரும். மற்ற நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கழிப்பறை ஸ்டோருக்குப் பின்னால், லாலாங் புல்லைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அங்கே எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்று அதைக் கட்டியவர் யோசித்திருக்கமாட்டார். அந்த ஸ்டோர் கீப்பர் புல்லை வெட்டிப் பாதை போட்டுக்கொடுத்தார். அதோடு விடாமல், நான் போகும்போதெல்லாம் வாசலில் நின்று பழைய தமிழ்ப் பாட்டை உரக்கப் பாடுவார். பாம்பு ஓடிவிடும் என்றார். பாம்பு ஓடியதோ என்னவோ, நான் எப்போது கழிப்பறைக்குப் போகிறேன் என்பது லாபிஸில் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

பத்து பாகாட்டில் என் இடத்துக்கு மேனேஜர் ஓர் ஆண்பிள்ளையைத் தேடிப் பிடித்தார். அவனுக்கு மாசமாகும் ஆபத்தில்லை. ஆனால், வேலையைக் கற்றுக்கொண்ட கையோடு சிங்கப்பூரில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். அடுத்து, கல்யாணமாகாத பெண்ணாகப் பார்த்து எடுத்தார். இப்போதைக்குக் கல்யாணம் செய்யும் எண்ணம் இல்லையே என்று நேர்முகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம். அவளும் கோயிலில் தாலி கட்டும் நாள் இன்னும் முடிவாகாததால் இல்லை என்றிருக்கிறாள். பதிவுத் திருமணம் போன வருடமே முடிந்திருந்ததை அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

அவளுக்குச் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் அடிப்பாள். கழுத்துப்பட்டி சுருங்கினால் என்ன செய்வது, பொத்தான் எவ்வளவு இழுத்தால் வரக்கூடாது என்றெல்லாம் கேட்பாள். லாபிஸில் எனக்கும் பொழுது போக வேண்டுமே, விலாவாரியாகச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு நாள் போனை எடுத்ததும் அந்தப் பக்கம் வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"அக்கா," என்றாள் கடைசியில். "இந்த வாந்தி எத்தன மாசத்துக்குக்கா இருக்கும்?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மேனேஜருக்குத் தெரிந்தால் தன்னையும் எங்காவது தூக்கியடித்துவிடுவார், தனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது என்றாள். எனக்கு நடந்ததை நான் எப்படியோ விழுங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அதுவே நடக்கப் போகிறது என்றபோது விழுங்க முடியவில்லை.

மறுநாள் லீவு எடுத்து லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த மலாய் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மாசமாக இருப்பதற்காக ஒருவரைத் தூரத்துக்கு மாற்றி அலவன்ஸையும் நிறுத்தினால் புகார் கொடுக்கலாம் என்றார். குறிப்பு எழுதிக்கொண்டே, உங்கள் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று கேட்டார். குழந்தை உடைகள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கம்பெனிக்கு அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த சனிக்கிழமை மேனேஜரே தன் காரில் லாபிஸுக்கு வந்தார். வழியெல்லாம் செம்பனை லாரிகளுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு வேறு சாப்பிட்டிருக்கிறார். காரிலிருந்து இறங்கியவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வேலி ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். ஸ்டோர் கீப்பர் ஒரு போத்தல் தண்ணீரோடு ஓடிப் பக்கத்தில் நின்றார்.

"சார், நீங்களும் மாசமா?"

தான் கிண்டல் செய்யவில்லை என்று ஸ்டோர் கீப்பர் இன்றும் சாதிக்கிறார். எங்கள் ஸ்டோருக்கு வருகிறவர்கள் வேறு எதற்காக வாந்தி எடுப்பார்கள் என்று கேட்கிறார்.

முகம் கழுவ வேண்டும் என்றார் மேனேஜர். நான் லாலாங் பாதையைக் காட்டினேன். அவர் போனதும் ஸ்டோர் கீப்பர் கடமை தவறாமல் பாட ஆரம்பித்தார். திரும்பி வந்தவரின் கால்சட்டை முழுக்கப் புல்விதை ஒட்டியிருந்தது. உட்கார நாற்காலி தேடினார். ஒரே நாற்காலியில் நான் இருந்தேன். எழுந்திருக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் வயிறு விடவில்லை. அவர் துணிச்சுருள் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதும்மா. நான் இங்க வந்ததே இல்ல. நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். நீங்க தலையாட்டினீங்க."

அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். பிறகு, திங்கட்கிழமையே பழைய இடத்துக்கு வந்துவிடச் சொன்னார். அலவன்ஸும் பழையபடி வரும் என்றார். புகாரை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் இடத்துக்கு எடுத்த பெண்ணும் அங்கேயேதான் இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில் வந்தால் புகாரைப் பற்றி யோசிக்கிறேன் என்றேன். எதற்கு இரண்டு பேர் என்று கேட்டார்.

"தேவப்படும் சார்," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய செய்தி.

கடிதம் கைக்கு வந்த மறுநாள் அவளே போய்ச் சொன்னாள். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பழக்கப்படி எழுந்து நின்றார். வாழ்த்துவதற்காக வாயைத் திறந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மகள் பிறந்து, நான் வீட்டில் இருந்தபோது அந்தப் பெண்தான் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். நான் திரும்பிச் சேர்வதற்குள் அவளுக்குக் குறைமாதத்திலேயே வலி வந்துவிட்டதால், நடுவில் சில வாரங்கள் மேனேஜரே சரிபார்க்கும் மேசையில் நின்றிருக்கிறார். அந்த வாரங்களில் ஒரு பெட்டி முழுக்க, தலையே நுழையாத சட்டைகள் கப்பலேறிப் போனதாகவும், வாங்கியவர்கள் பொம்மைக்கா தைத்தீர்கள் என்று கேட்டதாகவும் தையல் பிரிவில் சொன்னார்கள். அவரிடம் நான் அதைக் கேட்டதில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நடைவழியில் என்னைப் பார்த்து நின்றார். பிள்ளை பால் குடிக்கிறாளா, இரவில் தூங்கவிடுகிறாளா என்று அக்கறையாக விசாரித்தார். போகத் திரும்பியவர் மறுபடி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்தது எப்போன்னு ஏதாச்சும் ஐடியா இருக்கா? சும்மா, ஆள் ஏற்பாடு பண்ணத்தான்."

எங்களுக்கே தெரியாது சார், தெரிந்ததும் என் கணவருக்கு அடுத்து உங்களிடம்தான் சொல்வேன் என்றேன். அவர் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு, நன்றிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.