விருந்தாளிக் குழந்தை கேட்ட ரயில்

என் மகள் பழைய தகரப் பொம்மை ரயில்களைச் சீர்செய்பவள். சென்ற மாதம் மலேசியாவின் கலும்பாங்கில் எங்கள் வீட்டுக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் பல மாதம் உழைத்து ஓட வைத்த என்ஜினைக் கேட்டு, மாப்பிள்ளையின் அக்காள் குழந்தை அழுதது.

"வேணாம்மா, உடைஞ்சிரும்," என்றாள் மகள் என்னிடம்.

வரன் தட்டிப்போகுமோ என்ற பயம் எனக்கு. "பொம்மைதானே லா, குடு," என்று பிடுங்கிக் கொடுத்தேன்.

குழந்தை அதைச் சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தது.

"இனிமே சமையல் கத்துக்க நேரம் கிடைக்கும் லா," என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சக்கரங்களைப் பொறுக்கிய மகள் நிமிர்ந்து என்னை மட்டும் பார்த்தாள்.

நேற்று அவர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

"என்னையும் அதே மாதிரி பிடுங்கிக் குடுத்திருவீங்களாம்மா?" என்றாள்.

அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று சிரித்த சிரிப்பைத்தான் திரும்ப எடுக்க முடியவில்லை.